ஷெல்லியின் போலிக் கடிதங்கள்: 1852 லண்டன் விவகாரம், ஒரு நிகழ்வு ஆய்வு

1852ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லண்டன் பதிப்பாளர் எட்வர்ட் மாக்ஸன் ஒரு சின்னப் புத்தகம் கொண்டுவந்தார். ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி எழுதிய 25 கடிதங்கள், அவற்றுக்குக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கின் நீண்ட முன்னுரை. வெளிவந்த சில வாரங்களிலேயே விற்பனையை நிறுத்திப் பிரதிகளை மாக்ஸனே திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம், கடிதங்களில் பெரும்பாலானவை போலி.

பழைய கையெழுத்துக் கடிதங்கள் சேகரிப்பவர்களுக்கு இந்த விவகாரம் இன்றும் ஒரு பாடநூல் மாதிரி. ஏமாந்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஷெல்லியின் நூல்களைப் பதிப்பித்தவர், ஷெல்லி காலத்துக் கவிஞர் பைரனின் அசல் கடிதங்களை வைத்திருந்தவர், அனுபவமுள்ள பழைய புத்தக வியாபாரி ஆகிய மூவரும் ஏமாந்தார்கள். எப்படி என்று நிதானமாகப் பார்த்தால், கையெழுத்தை மட்டும் பார்த்துக் கடிதம் வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பது புரியும்.

ஷெல்லி நமக்குத் தூரத்து ஆள் இல்லை. பாரதி 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். அந்தக் கவிஞர் கைப்பட எழுதிய ஒரு தாள் கையில் கிடைத்தால் மனம் எப்படித் துள்ளும் என்பதை நம்மாலும் ஊகிக்க முடியும். அந்தத் துள்ளலை நம்பித்தான் இந்த மோசடியே நடந்தது.

கடிதங்களுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி

அதே காலத்துக் கவிஞர் கீட்ஸ் 1821இல் ரோமில் இறந்தார். ஷெல்லி 1822 ஜூலையில் இத்தாலியக் கடற்கரையோரம் படகு கவிழ்ந்து இறந்தார். பைரன் 1824 ஏப்ரலில் கிரேக்கத்தின் மிசலோங்கியில் காய்ச்சலில் போனார். மூவரும் இளம் வயதில், மூவரும் இங்கிலாந்துக்கு வெளியே. அவர்களுடைய தாள்கள் நண்பர்கள், வேலைக்காரர்கள், கடன்காரர்கள், வாடகைக்கு இருந்த வீடுகள் என்று பல இடங்களில் சிதறிப்போயின.

பைரனின் தன்வரலாறு கையெழுத்துப் பிரதியாக இருந்தது. 1824 மே 17 அன்று லண்டன் ஆல்பமார்ல் தெருவில் ஜான் மர்ரியின் பதிப்பகத்துக் கணப்பில் அதை எரித்துவிட்டார்கள். ஷெல்லி விஷயத்தில் அவருடைய அப்பா சர் டிமோத்தி குறுக்கே நின்றார். மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கூடாது, எழுதினால் பேரனுக்குக் கொடுக்கும் பணம் நின்றுவிடும் என்று மருமகள் மேரி ஷெல்லியைக் கட்டிப்போட்டிருந்தார். சர் டிமோத்தி 1844 வரை உயிரோடு இருந்தார். ஆக, வாசகர்களுக்கு இந்தக் கவிஞர்களின் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் பசி இருந்தது, தீனி இல்லை.

கிடைத்த கொஞ்சமும் நன்றாக விற்றது. ஷெல்லியின் கட்டுரைகளையும் இத்தாலியிலிருந்து அவர் எழுதிய கடிதங்களையும் மேரி தொகுக்க, 1840 என்று ஆண்டிட்டு மாக்ஸன் வெளியிட்டார். 1848இல் ரிச்சர்ட் மாங்டன் மில்ன்ஸ் எழுதிய கீட்ஸ் வரலாற்றை, கீட்ஸின் கடிதங்களோடு, அதே மாக்ஸன்தான் வெளியிட்டார். மறக்கப்பட்டுக்கொண்டிருந்த கீட்ஸ் அந்தப் புத்தகத்தால் மறுபடி பேசப்பட்டார். ஒரு கவிஞனின் பேரைக் கடிதங்களே தூக்கி நிறுத்தும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் மாக்ஸன். அடுத்த கட்டுக் கடிதம் எங்கே என்று அவர் தேடியதில் வியப்பில்லை.

விற்க வந்தவர்கள்

லண்டன் பால் மால் தெருவில் வில்லியம் வைட் என்பவர் புத்தகக் கடை வைத்திருந்தார். 1840களின் இறுதியில் நாகரிகமாக உடுத்திய ஓர் இளம்பெண் அங்கே வரத் தொடங்கினார். பைரனின் கையெழுத்துள்ள புத்தகங்கள், ஒன்றிரண்டு கடிதங்கள். மொத்தமாகக் கொண்டுவரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். குடும்பப் பொக்கிஷத்தை மனசில்லாமல் விற்கிறவர் நடந்துகொள்வது போலவே இருந்தது. வைட் வாங்கிக்கொண்டே போனார். பைரனுக்குப் பிறகு ஷெல்லி வந்தது, கீட்ஸும் வந்தது.

அந்தப் பெண்ணின் கணவர் பெயர் பிறகு தெரியவந்தது: 'மேஜர் ஜார்ஜ் கார்டன் டி லூனா பைரன்'. தன் தாய் ஸ்பெயின் நாட்டுச் சீமாட்டி என்றும் தந்தை கவிஞர் பைரன் என்றும் அவர் சொல்லிக்கொண்டார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தந்தையின் வரலாற்றை எழுதப்போவதாகச் சொல்லி, பைரனின் பழைய நண்பர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அசல்களைப் பார்வைக்குக் கேட்டு வாங்கியவர். பைரனின் அச்சேறாத எழுத்துகள் என்று 1849இல் நியூயார்க்கில் ஒரு வெளியீட்டையும் தொடங்கினார்.

லண்டன் அறிவுலகத்தில் எல்லாருக்கும் இவர் புதியவர் இல்லை என்பதுதான் வேதனை. 1845-46லேயே மேரி ஷெல்லியை இவர் அணுகியிருக்கிறார். ஷெல்லியின் பழைய கடிதங்கள் தன்னிடம் இருக்கின்றன என்று சொல்லிப் பணம் கேட்டார். வெளியே போனால் குடும்பத்துக்குச் சங்கடம் என்று பயந்த மேரி, தாமஸ் ஹூக்கம் என்ற புத்தக வியாபாரி மூலம் சிலவற்றை விலை கொடுத்து வாங்கினார். கிட்டத்தட்ட மிரட்டல்தான். அவற்றில் உண்மையான கடிதங்களும் இருந்தன. அதாவது அசல் கொஞ்சம் இந்த ஆளிடம் நிஜமாகவே இருந்தது. மோசடி இவ்வளவு தூரம் எடுபட்டதற்கு அந்த அசல்களே ஆதாரமாக நின்றன.

வைட் தன்னிடம் சேர்ந்த பைரன் கடிதங்களில் 47ஐ ஜான் மர்ரி பதிப்பகத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் விலைக்கு விற்றார். ஷெல்லி கடிதங்கள் 1851 மே மாதம் சோதபி ஏலத்துக்குப் போயின. மாக்ஸன் நல்ல விலை கொடுத்து எடுத்தார்.

தேதியைக் கவனியுங்கள். மேரி ஷெல்லி இறந்தது 1851 பிப்ரவரி 1. ஏலம் நடந்தது மூன்று மாதம் கழித்து. இந்த மனிதரோடு நேரடியாக மோதிய அனுபவமும், ஷெல்லியின் தாள்கள் எவை எங்கே தொலைந்தன என்ற ஞாபகமும் ஒருங்கே இருந்த ஒரே ஆள் அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார்.

படித்தவர் பிடித்தார்

மாக்ஸன் புத்தகத்தின் ஒரு பிரதியைக் கவிஞர் டென்னிசனுக்கு அனுப்பியிருந்தார். அப்போது டென்னிசன் வீட்டுக்கு வந்திருந்த பிரான்சிஸ் டர்னர் பால்கிரேவ் அதைச் சும்மா புரட்டினார். புளோரன்ஸ் நகரைப் பற்றி ஷெல்லி எழுதியதாக இருந்த பகுதி அவருக்கு ஏற்கெனவே படித்தது போல இருந்தது. இருக்காதா? அவருடைய அப்பா சர் பிரான்சிஸ் பால்கிரேவ் புளோரன்ஸ் கலைகளைப் பற்றி 'குவார்ட்டர்லி ரிவ்யூ' இதழில் எழுதிய கட்டுரையின் வரிகள் அவை. கட்டுரை வந்தது 1840இல். ஷெல்லி இறந்து 18 வருடம் கழித்து.

மகன் அப்பாவுக்குச் சொல்ல, அப்பா மாக்ஸனுக்குச் சொல்ல, புத்தகம் நின்றது. 1852 மார்ச்சில் 'அத்தினேயம்' இதழ் விவகாரத்தை வெளியே போட்டது.

எத்தனையோ பேர் இந்தத் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தின் வளைவையும் கோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் ஷெல்லியின் கைதான் என்றார்கள். மூலத் தாளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், அச்சில் படித்த ஒருவர் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். கடிதத்தில் *என்ன* எழுதியிருக்கிறது என்பதும் தடயம்தான். சேகரிப்பாளர்களுக்குக் கடிதம் ஒரு பொருளாகிவிடுகிறது. அதைப் படிக்க வேண்டும் என்பதே பல சமயம் மறந்துபோகிறது.

அஞ்சல் முத்திரைச் சோதனை

சந்தேகம் வந்த பிறகு நடந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் கடிதங்களை லண்டன் தலைமை அஞ்சலகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்தவரை முத்திரைகள் சரியானவைதான் என்றார்கள். அதோடு விட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அடுத்து மர்ரியின் அலுவலகம். அங்கே இத்தாலியிலிருந்து பைரன் அனுப்பிய அசல் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எழுதிய நாள் முதலே அதே பதிப்பகத்தில் இருந்தவை, நடுவில் யார் கையும் படாதவை. அதே ஊர், அதே காலம். பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வித்தியாசம் தெரிந்தது. ரவென்னா முத்திரை பைரன் கடிதத்தில் சிறிய, கூர்மையான எழுத்தில் இருந்தது. ஷெல்லி கடிதத்தில் பெரிதாக, தெளிவில்லாமல் இருந்தது. வெனிஸ் முத்திரையில் அசலில் சாய்வெழுத்து, மற்றதில் நேரெழுத்து. ஒரே ஊர் அஞ்சலகத்தில் பைரனுக்கு ஒரு முத்திரை, ஷெல்லிக்கு ஒரு முத்திரையா?

போலி செய்தவர் கவிஞரின் கையை வருடக்கணக்கில் பழகியிருக்கிறார். அஞ்சலகக் குமாஸ்தாவின் முத்திரைக் கட்டையைப் பழகவில்லை.

எங்கே தவறினார்கள்

என் பார்வையில் மாக்ஸனைவிட மர்ரி பதிப்பகத்தின் சறுக்கல்தான் பெரிது. 1852இல் போலியைக் காட்டிக்கொடுத்த அதே அசல் கட்டு, 47 கடிதங்களை வாங்கிய அன்றும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. எடுத்து வைத்து முத்திரையைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கையெழுத்து பொருந்துகிறதா என்பதே கேள்வியாக இருந்தது. பொருந்தியது. சரி என்று பணம் கொடுத்தார்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்கப்படவில்லை. கடிதம் என்பது எழுதியவரிடம் தங்குவதில்லை, பெறுபவரிடம் போய்ச் சேருகிறது. ஷெல்லி தன் மாமனார் வில்லியம் காட்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார் என்றால் அது காட்வினின் தாள்களோடு இருக்க வேண்டும். காட்வின் 1836இல் இறந்தார், தாள்கள் மகள் மேரிக்குப் போயின, மேரிக்குப் பின் மகன் பெர்சிக்கு. அந்த வரிசையிலிருந்து ஒரு கடிதம் எப்போது, யார் மூலம் வெளியேறி பால் மால் கடைக்கு வந்தது? தொலைந்திருக்கலாம், திருடுபோயிருக்கலாம். மேரியே 1814இல் பாரிஸில் ஒரு பெட்டித் தாள்களை விட்டுவிட்டு வந்தவர்தான். ஆனால் பலருக்கு, பல ஊர்களிலிருந்து, பல வருடங்களில் எழுதப்பட்ட கடிதங்கள் எல்லாம் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருந்தால், அந்தச் சேர்க்கையே சந்தேகத்துக்கு இடம் தர வேண்டும்.

வைட் பிறகு மர்ரிக்கு எழுதும் கடித வடிவில் ஒரு சிறுநூலை அச்சிட்டுத் தன் தரப்பைச் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் வாங்கி விற்றேன் என்பது அவர் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வந்த வழியைத் துருவிப் பார்க்காமல் வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருந்த வியாபாரியை முழுக்க விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அசலோடு கலந்த போலி

பொய்யைத் தூக்கி எறிந்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைக்கலாம். இந்த வழக்கில் அது முடியவில்லை. மேஜர் பைரன் தன்னிடம் வந்த அசல் கடிதங்களை நகலெடுத்து, நகலையும் அசல் என்று விற்றார். எனவே தாள் போலி, வாசகம் உண்மை என்ற விசித்திர நிலை சில கடிதங்களுக்கு உண்டு.

இதன் கனமான உதாரணம் 1816 டிசம்பர் 16 தேதியிட்ட கடிதம். ஷெல்லியின் முதல் மனைவி ஹாரியட்டின் உடல் அந்த மாதம் 10ஆம் தேதி லண்டன் செர்ப்பன்டைன் ஏரியில் கண்டெடுக்கப்பட்டது. அதைப் பற்றி ஷெல்லி மேரிக்கு எழுதியதாகச் சொல்லப்படும் இந்தக் கடிதத்தில் ஹாரியட்டையும் அவர் குடும்பத்தையும் பற்றி மிகக் கொடுமையான வரிகள் உள்ளன. இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் கிளம்பின. எது ஷெல்லியின் கை, எது நகல், அந்த வரிகள் அவருடையவைதானா என்று 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிஞர்கள் மோதிக்கொண்டார்கள். ஒரு பெண் இறந்த சில நாட்களில் அவள் கணவன் என்ன மனநிலையில் இருந்தான் என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாமல், நடுவில் ஒரு மோசடிக்காரன் நிற்கிறான். விலை கொடுத்து ஏமாந்தவர்களின் நஷ்டத்தைவிட இந்தக் குழப்பத்தையே நான் பெரிய சேதமாக நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை வைத்திருந்தவர் தாமஸ் ஜே. வைஸ், அந்தக் காலத்தின் மிகப் பெரிய சேகரிப்பாளர்களில் ஒருவர். 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்களின் 'அரிய முதல் பதிப்புகள்' என்று புழங்கிய பல சிறுநூல்கள் போலி என்று 1934இல் ஜான் கார்ட்டரும் கிரஹாம் பொல்லார்டும் நிரூபித்தார்கள். அவை வைஸின் கைவரிசை. அதை நிரூபிக்க அவர்கள் பயன்படுத்திய முக்கியத் தடயம் தாளில் கலந்திருந்த மரக்கூழும் அச்செழுத்தின் வடிவமும். அங்கேயும் பொருளின் சின்ன விவரங்கள்தான் பேசின.

வழி தெரிந்த கடிதம் எப்படி இருக்கும்

ஒப்பிட்டுப் பார்க்க கீட்ஸ் தன் காதலி பேனி பிரானுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துக்கொள்வோம். பேனி அவற்றைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 1865இல் அவர் இறந்தார். கணவரும் இறந்த பிறகு பிள்ளைகளிடமிருந்து அவை வெளியே வந்தன. 1878இல் ஹாரி பக்ஸ்டன் போர்மன் பதிப்பித்தார். 1885 மார்ச்சில் சோதபியில் ஏலம் நடந்தது, 35 கடிதங்கள் 543 பவுண்டு சொச்சத்துக்குப் போயின. காதல் கடிதங்களை ஏலம் போடுவதா என்று ஆஸ்கார் வைல்டு மனம் கொதித்து ஒரு கவிதை எழுதினார். நியாயமான கோபம். ஆனால் அந்த ஏலத்தால் ஒரு நன்மையும் நடந்தது: கடிதங்கள் யாரிடமிருந்து வந்தன என்பதற்கு அச்சில் பதிவு கிடைத்துவிட்டது.

அந்தக் காதல் கடிதங்களில் ஒன்று, 1820இல் எழுதியது, 2011இல் பான்ஹாம்ஸ் ஏலத்துக்கு வந்தபோது லண்டன் மாநகராட்சி 96,000 பவுண்டு கொடுத்து வாங்கி ஹாம்ப்ஸ்டெட்டிலுள்ள கீட்ஸ் இல்லத்துக்குக் கொண்டுசேர்த்தது. காசநோயில் படுத்திருந்த கீட்ஸ், பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த பெண்ணுக்கு எழுதிய கடிதம், எழுதப்பட்ட அதே வீட்டுக்குத் திரும்பியது. அவ்வளவு பணத்தைப் பொது நிறுவனம் ஒன்று தயங்காமல் கொடுக்கிறதென்றால், கடிதம் கைமாறி வந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று ஒருவர் வாங்குவதானால்

1840இல், எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம் என்ற பென்னி தபால் வருவதற்கு முன் பிரிட்டனில் அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவர் கட்ட வேண்டும். உறை போட்டால் அதையும் ஒரு தாளாகக் கணக்கிடுவார்கள். அதனால் கடிதத் தாளையே மடித்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதி, அரக்கு வைத்து ஒட்டினார்கள். அரக்கைப் பிய்த்த இடத்தில் தாள் கிழிந்திருக்கும், மறுபக்கத்து எழுத்தில் ஒரு சொல் பறிபோயிருக்கும். மடிப்பின் வெளிப்புறம் அழுக்கேறி, உட்புறம் வெளுப்பாக இருக்கும். தாளை மிச்சம் பிடிக்க, எழுதிய பக்கத்தையே குறுக்கே திருப்பி மேலேயே எழுதுவதும் உண்டு, கீட்ஸ் அப்படிச் செய்திருக்கிறார். மை, மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்தது. நாளாக ஆகப் பழுப்பாகும், அழுத்தி எழுதிய இடத்தில் தாளையே அரிக்கும். 1794க்குப் பிறகு ஆங்கிலத் தாள் ஆலைகள் பலவும் நீர்க்குறியில் (தாளை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் ஆலைக் குறி) ஆண்டையும் போட்டன. கடிதத் தேதியைவிடப் பிந்திய ஆண்டு நீர்க்குறியில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் போதாது, ஏனென்றால் பழைய தாளும் பழைய மைக் கலவையும் போலி செய்பவருக்கும் கிடைக்கும். அப்புறம்தான் முக்கியமான வேலை. பைரனின் கடிதங்களை லெஸ்லி மார்ச்சண்ட் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார். ஷெல்லிக்கு பிரெடரிக் ஜோன்ஸின் 1964 பதிப்பு, கீட்ஸுக்கு ஹைடர் ரோலின்ஸின் 1958 பதிப்பு. கையிலிருக்கும் கடிதம் அவற்றில் இருக்கிறதா, இருந்தால் அசல் எங்கே இருப்பதாகப் பதிப்பாசிரியர் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். அசல் ஒரு நூலகத்தில் இருப்பதாகப் போட்டிருந்தால் உங்களிடம் இருப்பது நகல் அல்லது போலி. எங்குமே இல்லாத கடிதம் என்றால் மகிழ்ச்சியை ஒத்திப்போட்டு, அந்தத் தேதியில் கவிஞர் அந்த ஊரில் இருந்தாரா, அந்த வாரத்து மற்றக் கடிதங்களோடு செய்தி ஒத்துப்போகிறதா என்று தேட வேண்டும். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் குடும்பக் கதையை எழுதித் தரச் சொல்ல வேண்டும், பழைய ஏலப் பட்டியலில் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மர்ரியின் பைரன் கட்டுகள் இப்போது எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் உள்ளன. அந்தப் பதிப்பகத்தின் முழு ஆவணச் சேகரத்தையும் 2006இல் 3 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து நூலகம் வாங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

மேஜர் பைரன் இந்தக் கடிதங்களுக்காகத் தண்டிக்கப்படவே இல்லை. அவர் செய்த போலிகளில் ஒரு பகுதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஆவணமாக இருக்கிறது. மாக்ஸன் திரும்பப் பெற்ற புத்தகம் அரிதாகிவிட்டதால், அதன் பிரதிக்கே சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். பிரௌனிங் 1851 டிசம்பரில் பாரிஸிலிருந்து எழுதிய முன்னுரை மட்டும் சேதமில்லாமல் தப்பியது. கடிதங்களைப் பற்றி அதில் கொஞ்சம்தான் பேசியிருந்தார், மீதி முழுக்க ஷெல்லியின் கவிதையைப் பற்றியும், வெளியுலகைப் பார்த்து எழுதும் கவிஞனுக்கும் தனக்குள் பார்த்து எழுதும் கவிஞனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியும். பிரௌனிங்கின் உரைநடையில் இன்றும் படிக்கப்படுவது முக்கியமாக அந்தக் கட்டுரைதான்.